மிதப்பது எது, மூழ்குவது எது? பிளாஸ்டிக் பற்றி வாசகர் கேள்வி-பதில்

கடலில் சேரும் பிளாஸ்டிக், மறுசுழற்சி இரண்டையும் பற்றி வந்த கடிதங்களில் நடைமுறை சார்ந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

2025 ஜூனில் எங்கள் ஊர்க் கரையில் வெள்ளை நிறத்தில் ஜவ்வரிசி மாதிரி ஒதுங்கியது. மூட்டை மூட்டையாக அள்ளிப் போனார்கள். ஆனாலும் மணலுக்குள்ளிருந்து அவ்வப்போது வெளியே வருகிறது. இது என்ன? நாங்களே அள்ளலாமா?
(வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்)

அது பிளாஸ்டிக் குருணை. வாளி, குழாய், பை எதைச் செய்தாலும் ஆலைக்கு மூலப்பொருளாக வருவது இந்தக் குருணைதான். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் 640 கண்டெய்னர்கள் இருந்தன. அதிலிருந்து சிதறிய குருணை திருவனந்தபுரம், குமரி கரைகளில் ஒதுங்கியது. இதைவிடப் பெரிய கேடு 2021-இல் கொழும்புக்கு அப்பால் நடந்தது. எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது கடலில் கலந்த குருணை ஏறக்குறைய 1,680 டன். ஒரு குருணையின் எடை சுமார் 20 மில்லிகிராம். 25 கிலோ மூட்டை ஒன்று கிழிந்தாலே 12 லட்சம் குருணை வெளியே வந்துவிடும் என்றால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பாலித்தீன் கடல்நீரைவிட இலேசானது. அதனால் குருணை மிதந்தே வந்து, அலை எட்டும் கடைசி மேட்டில் பாசியோடும் சருகோடும் படிகிறது. அதன்மேல் காற்று மணலைப் போர்த்துகிறது. அடுத்த பெரிய அலை அந்த மேட்டை அரிக்கும்போது மறுபடி வெளியே தெரிகிறது. ஒரே தடவையில் கரை சுத்தமாகிவிடாது. காற்றுக்காலம் மாறும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

அள்ளுவதற்கு ஜே.சி.பி. வேண்டாம். குருணையை ஆழமாகப் புதைத்துவிடும், மணலையும் ஆமை முட்டையிடும் இடத்தையும் சேர்த்து வாரிவிடும். இரண்டு சல்லடை போதும். மேலே 8 மி.மீ. கண், கீழே 2 மி.மீ. கண். மேல் சல்லடையில் பாசியும் சிப்பியும் நிற்கும், கீழ்ச் சல்லடையில் குருணை நிற்கும், மணல் இறங்கிவிடும். காலை ஈரத்தில் சலித்தால் கண் அடைத்துக்கொள்ளும். வெயில் ஏறி மணல் காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள். ஈரமாகவே அள்ளியாக வேண்டும் என்றால், பாதி வாளி கடல்நீரில் மணலைக் கொட்டிக் கிளறுங்கள். மணல் அடியில் தங்கும், குருணை மேலே வரும், வடிகட்டியால் வழித்தெடுக்கலாம். அந்த நீரைத் திரும்பக் கடலில் ஊற்றுமுன் துணியில் வடிகட்டிவிடுங்கள்.

புதுக் குருணையைத் தொட்டதால் விஷம் ஏறாது. கடலில் நாள்பட்டுக் கிடந்தது வேறு கதை: பழைய பூச்சிமருந்து எச்சம் போன்ற எண்ணெய்ப்பசை கொண்ட நச்சுகளை அதன் மேற்பரப்பு இழுத்து வைத்துக்கொள்ளும். மீன் அதை முட்டை என்று விழுங்குகிறது. எனவே கையுறை போடுங்கள். கருகி உருகிய கட்டிகளை வெறுங்கையால் தொடவே வேண்டாம். அள்ளியதை எரிக்கவும் வேண்டாம், காயலான் கடைக்குப் போடவும் வேண்டாம். இடம், தேதி, எடை எழுதி ஊராட்சியிடமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ ஒப்படையுங்கள். நட்டஈடு கேட்கும்போது அந்தக் கணக்கு உதவும்.

பசிபிக் கடலில் பிளாஸ்டிக் தீவு இருக்கிறதாமே. ஒரு கப்பலை அனுப்பி அள்ளிவிட்டால் என்ன?
(வாசகர், சென்னை)

தீவு என்று ஒன்று இல்லை. கலிபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே, சுழலும் நீரோட்டம் மிதப்பதையெல்லாம் கூட்டிச் சேர்க்கும் ஒரு பரப்பு இருக்கிறது. 1997-இல் சார்லஸ் மூர் என்ற படகோட்டி அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதிலிருந்து உலகம் கவனிக்கிறது. 2018-இல் வெளியான ஆய்வுக் கணக்கின்படி பரப்பு 16 லட்சம் சதுர கி.மீ., அதில் மிதக்கும் பிளாஸ்டிக் சுமார் 79,000 டன். வகுத்துப் பாருங்கள்: ஒரு ஏக்கர் கடலுக்கு 200 கிராம். கப்பலின் மேல்தளத்தில் நின்றால் பல நேரம் வெறும் நீல நீர்தான் தெரியும். அள்ளுவது ஏன் கடினம் என்பதற்கு இந்த 200 கிராமே பதில்.

எடையில் 46 விழுக்காடு மீன்வலை. எண்ணிக்கையில் 94 விழுக்காடு 5 மில்லிமீட்டருக்கும் சிறிய நுண்துகள். வலையை அள்ளலாம். நுண்துகளை அள்ளப் போனால் அதே அளவுள்ள மிதவை உயிரிகளும் கூடவே வந்துவிடும். நெதர்லாந்தின் ஓஷன் கிளீனப் நிறுவனம் 2018-இல் இறக்கிய முதல் மிதவை வேலி பிளாஸ்டிக்கைப் பிடித்து நிறுத்தவில்லை, நுனியும் உடைந்து தனியே போனது. காரணம் எளிது: வேலியும் குப்பையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் மிதந்தன. பிற்பாடு இரண்டு கப்பல்கள் இழுத்துச் செல்லும் நீண்ட வலையாக மாற்றிய பிறகுதான் வேலை செய்தது. அதே நிறுவனம் இப்போது ஆற்று முகத்துவாரங்களிலும் தடுப்பு போடுகிறது. எங்கள் கணக்கில் காசுக்கு அதிகப் பலன் அங்கேதான்.

2010-ஆம் ஆண்டில் மட்டும் நிலத்திலிருந்து கடலுக்குப் போனது 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் வரை என்று 2015-இல் ஒரு மதிப்பீடு வந்தது. மேற்பரப்பில் மிதப்பதோ அதில் மிகச் சிறிய பங்கு. மீதி கரையில் ஒதுங்குகிறது, பாசி ஏறிக் கனத்து அடியில் இறங்குகிறது. பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் வகை), பி.வி.சி., நைலான் மாதிரி நீரைவிடக் கனமானவை முதலிலேயே மூழ்கிவிடும். எந்தக் கப்பல் வந்து அவற்றை அள்ளும்?

வீட்டில் சேரும் பிளாஸ்டிக்கில் எதைத் தனியாக வைத்தால் உண்மையிலேயே மறுசுழற்சிக்குப் போகும்? அடியில் இருக்கும் முக்கோண எண் பாதிப் பொருளில் இல்லை.
(வாசகி, திருச்சி)

முக்கோணம் என்பது என்ன வகைப் பிளாஸ்டிக் என்ற அடையாளம் மட்டுமே, 'மறுசுழற்சி ஆகும்' என்ற உத்தரவாதம் இல்லை. 1 பெட் (தண்ணீர், குளிர்பான பாட்டில்). 2 எச்.டி.பி.இ. (ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன்). 3 பி.வி.சி. 4 எல்.டி.பி.இ. (பால் பாக்கெட்). 5 பாலிபுரொப்பிலீன் (ஓட்டல் பார்சல் டப்பா, மூடிகள்). 6 பாலிஸ்டைரீன் (தெர்மகோல் இதில் ஒரு வகை). 7 மற்றவை. காயலான் கடையில் விலை போவது 1, 2, 5, சுத்தமான 4.

எண் இல்லாவிட்டால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் போதும். நகம் அளவு துண்டு வெட்டுங்கள். ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் விட்டுக் கலக்கி, துண்டை விரலால் அமுக்கிக் காற்றுக்குமிழியைப் போக்கிய பிறகு விடுங்கள். இந்த அமுக்குதலைத் தவிர்த்தால் கனமானதும் மிதந்து ஏமாற்றும். மிதந்தால் 2, 4, 5. மூழ்கினால் 1, 3, 6. மூழ்கியதை, உப்பு இனிக் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த நீரில் போடுங்கள். 6 மேலே வரும், 1-ம் 3-ம் அடியிலேயே கிடக்கும். தெர்மகோலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதற்குள் இருப்பதெல்லாம் காற்று.

1-ஐயும் 3-ஐயும் பிரிக்க, பாட்டிலின் அடியைப் பாருங்கள். நடுவில் ஒற்றைப் புள்ளி இருந்தால் பெட். அடியில் குறுக்கே ஒட்டுக் கோடு ஓடினால் பெட் இல்லை. மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுவதும் பி.வி.சி.க்கு அடையாளம்.

பால் பாக்கெட்டுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூலையைத் துண்டாக வெட்டி எறியாதீர்கள், ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறுங்கள். அந்த முக்கோணத் துணுக்கை யாராலும் பொறுக்க முடியாது. சாக்கடையில் விழுந்து, மழைநீரோடு ஆற்றுக்குப் போய், மிதக்கும் வகை என்பதால் கடல்வரை போகும். காலியான பையில் கொஞ்சம் நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, தலைகீழாகக் கொடியில் மாட்டிக் காயவையுங்கள். பால் நாற்றம் அடிக்கும் பைக்குக் கடையில் பாதி விலைதான்.

சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு சாஷே உறைகள் இந்த வரிசையில் எதிலும் சேராது. பல அடுக்குப் பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியமும் ஒட்டியிருப்பதால் உருக்கிப் பிரிக்க வழியில்லை. அவை நகராட்சி வழியாக அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகள் போன்ற இடங்களுக்கு எரிபொருளாகப் போகின்றன. சூளைக்குள் கல்லே 1,400 டிகிரிக்கு மேல் சூடாகிறது, அந்தச் சூட்டில் புகை நச்சு பெரும்பாலும் சிதைந்துவிடும். கொல்லைப்புறத்தில் கொளுத்தும் குப்பைக்கு அந்தச் சூடு கிடைக்காது. அங்கே பி.வி.சி. ஒரு துண்டு இருந்தாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டையாக்சின் என்ற கொடிய நச்சும் வரும்.

பெட் பாட்டில் அரைத்துக் கழுவி ஃபிளேக் (துணுக்கு) விற்கும் சிறு தொழில் ஆரம்பித்திருக்கிறோம். நூல் ஆலையில் 'மஞ்சள் அடிக்கிறது, கரும்புள்ளி இருக்கிறது, இழை அறுகிறது' என்று திருப்பி அனுப்புகிறார்கள். எங்கே தப்பு?
(வாசகர், கரூர்)

மூன்று புகாருக்கும் காரணம் வேறு வேறு. வரிசையாகப் பார்த்துவிடலாம்.

கரும்புள்ளிக்கு முதல் சந்தேகம் பி.வி.சி. மேல்தான். பெட் உருகுவது 250 டிகிரிக்கு மேல். பி.வி.சி. அதற்கு வெகு முன்பே, 200 டிகிரியை ஒட்டிக் கருகத் தொடங்கி அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் பெட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியையும் அறுக்கும். 10 லட்சத்தில் 50 பங்கு, அதாவது ஒரு டன்னில் 50 கிராம் இருந்தாலே நல்ல ஆலைகள் முகம் சுளிக்கும். இரண்டு பி.வி.சி. பாட்டில் போதும் அதற்கு. இங்கே பெரும்பாலும் ஆட்டம் காட்டுவது பாட்டிலைவிட, அதன்மேல் இறுக்கிப் போர்த்திய சுருங்கு லேபிள்தான். அது பி.வி.சி.யாக இருந்தால் பெட்டோடு சேர்ந்து மூழ்கிவிடும், இலேசானதை மிதக்கவிட்டுப் பிரிக்கும் நீர்த்தொட்டியால் (மிதப்புத் தொட்டி) பிரிக்கவே முடியாது. ஆகவே அரைக்கும் முன்னால், முழு பாட்டிலாக இருக்கும்போதே பெல்ட்டில் ஆள் வைத்துப் பொறுக்க வேண்டும். அரைத்த பிறகு கடவுளே வந்தாலும் பொறுக்க முடியாது.

மூடியும் கழுத்து வளையமும் பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அவற்றைக் கழற்றக் கூலி கொடுக்க வேண்டாம், தொட்டியில் மிதந்து தானே பிரியும். ஆனால் அரைவை 10–12 மி.மீ.க்குக் குறைந்தால் தூள் அதிகமாகி, பெட் தூளும் நுரையோடு மேலே போய்விடும். பிளேடு மழுங்கியதற்கும் அதுவே முதல் அறிகுறி.

மஞ்சளுக்கு வருவோம். லேபிள் பசை முழுதாகப் போகவில்லை என்றால் உருகும்போது மஞ்சளாகும். பச்சைத்தண்ணீரில் எத்தனை தடவை கழுவினாலும் அந்தப் பசை இளகாது. 80–85 டிகிரி நீரில், எடைக்கு 1.5 முதல் 2 விழுக்காடு காஸ்டிக் சோடாவும் நுரைக்காத சோப்பும் சேர்த்து 15–20 நிமிடம் வேகமாகக் கலக்க வேண்டும். ஃபிளேக் ஒன்றோடொன்று உரசினால்தான் பசை கழலும், சும்மா ஊறினால் பயனில்லை. காஸ்டிக்கைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெட்டின் மேற்பரப்பையே தின்னும், எடை குறையும். பிறகு நல்ல நீரில் இரண்டு முறை அலசி, கடைசி நீரில் பி.எச். தாள் 7-ஐ ஒட்டிக் காட்டும்வரை விடாதீர்கள். மிச்சமிருக்கும் காஸ்டிக்கும் உருக்கும் இடத்தில் மஞ்சளாகத்தான் வெளிப்படும். காகித லேபிள் கூழாகி ஃபிளேக்கில் ஒட்டினால் பழுப்புப் புள்ளி. அதைத் தண்ணீர் மாற்றும் இடைவெளியைக் குறைத்துச் சரிசெய்யலாம்.

இழை அறுவதற்கு ஈரம் காரணம். பெட் ஈரத்தோடு உருகினால் நீர்மூலக்கூறு சங்கிலிகளை வெட்டுகிறது, பிசுபிசுப்பு இறங்குகிறது. அந்தப் பிசுபிசுப்பைக் காட்டும் அளவுதான் உள்ளார்ந்த பாகுநிலை எண், பாட்டில் தரப் பெட்டுக்கு அது 0.76–0.80. நூலுக்கு 0.62 அளவு போதும் என்பதால் கொஞ்சம் இறங்கினாலும் தப்பிக்கலாம், அதற்கும் கீழே போனால் இழை நிற்காது. உங்கள் சுழல் உலர்த்தியிலிருந்து 1 விழுக்காடு ஈரத்தோடு அனுப்பினால் போதும். அதை 160–170 டிகிரியில் 4–6 மணி நேரம் உலர்த்தி 10 லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே கொண்டுவருவது ஆலையின் வேலை. ஆனால் நீங்கள் மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் அடுக்கி, 3 விழுக்காட்டோடு அனுப்பினால் அவர்களின் கணக்கு தவறும். பலகை போட்டு அடுக்குங்கள்.

லாரி ஏற்றும் முன் ஒரு சோதனை. அரைக் கிலோ ஃபிளேக்கை அலுமினியத் தட்டில் பரப்பி 220 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வையுங்கள், காற்றோட்டமான இடத்தில். நல்ல பெட் வெளுத்துப்போகும். பி.வி.சி. பழுப்பாகவோ கருப்பாகவோ மாறும். பசை இருப்பது மஞ்சளாகி இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். கருத்ததைப் பொறுக்கி எடைபோட்டு அரைக் கிலோவால் வகுத்தால் உங்கள் தரம் எண்ணாகவே கையில் வந்துவிடும்.

மூட்டையாக வாங்கும் பாட்டிலில் மூடி, லேபிள், மண், தூள் எல்லாம் சேர்ந்து கால்வாசி கழிவாகப் போகும் என்று வைத்தே விலை பேசுங்கள். கழுவிய நீரை நடுநிலையாக்கி, படியவிட்டு, நுண்சல்லடையில் வடிகட்டாமல் வெளியே விட்டால் நீங்களே நுண்பிளாஸ்டிக் தொழிற்சாலை ஆகிவிடுவீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவ இசைவு, இயக்க இசைவு இரண்டோடும், மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பிளாஸ்டிக் கழிவு பதப்படுத்துவோராகப் பதிவும் வேண்டும். பதிவு இருந்தால், பிளாஸ்டிக்கைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்களே அதன் கழிவுக்கும் பொறுப்பேற்கும் தயாரிப்பாளர் பொறுப்புத் திட்டத்தின்கீழ் சான்றிதழ் விற்றும் வருமானம் பார்க்கலாம்.

பழைய வலையை என்ன செய்வது? பவளப்பாறையில் சிக்கிக் கிடக்கும் வலையை நாங்களே எடுக்கலாமா?
(வாசகர், இராமேசுவரம்)

தங்கூசி வலை நைலான், கடல்நீரைவிடக் கனம். மிதவை கழன்றால் அடியில் போய்ப் பாறையில் மாட்டும், ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். இழுவைமடி பெரும்பாலும் எச்.டி.பி.இ., அறுந்தால் மிதந்து கரைக்கு வரும். விற்பதற்கும் இதே பிரிவினைதான். நைலான் உருகுவது 220 டிகிரி அளவில், எச்.டி.பி.இ. 130 அளவில். கலந்து கொடுத்தால் ஒன்று உருகும்போது மற்றது கட்டியாக நிற்கும், வாங்குபவர் மட்டமான விலைதான் சொல்வார். கரையிலேயே ஈயக்குண்டு, மிதவை, கயிறு மூன்றையும் அறுத்துத் தனியாக்குங்கள். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, உதறி மணலைப் போக்குங்கள். மணல்தான் ஆலையின் திருகையும் பிளேடையும் தேய்க்கிறது. சுத்தமான நைலானை வேதிமுறையில் அதன் மூலப்பொருளான கேப்ரோலாக்டமாகவே திருப்பலாம். ஸ்லோவேனியாவில் 2011 முதல் இப்படி நூல் செய்கிறார்கள்.

பாறையில் சிக்கியதைப் படகில் கட்டி இழுக்கவே கூடாது. வலையோடு பவளக் கிளையும் முறிந்து வரும். முக்குளிப்பவர் கத்தரியால் சிறு சிறு துண்டாக வெட்டி, பைக்குள் போட்டு ஏற்ற வேண்டும். பவளம் வலைமேலேயே வளர்ந்து மூடியிருந்தால் அந்தப் பகுதியைச் சுற்றி வெட்டி அப்படியே விட்டுவிடுவது நல்லது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம். இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் குறித்துச் சொல்லுங்கள், அதுவே பாதி வேலை.

பிளாஸ்டிக் கலந்து போட்ட சாலை தேய்ந்து அதுவும் கடலுக்குத்தானே போகும்?
(வாசகி, மதுரை)

நியாயமான சந்தேகம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறையில் பிளாஸ்டிக்கைத் தாரில் கலப்பதில்லை. ஜல்லியை 160–170 டிகிரிக்குச் சூடாக்கி, 2–4 மி.மீ. துணுக்காக வெட்டிய பிளாஸ்டிக்கைத் தூவுகிறார்கள். அது உருகி ஜல்லிமேல் பூச்சாகப் படிகிறது. பிறகுதான் தார். பூச்சு இருப்பதால் நீர் இடுக்கில் புகுந்து தாரைக் கழற்றுவது குறைகிறது. தாரின் எடையில் பத்தில் ஒரு பங்கு பிளாஸ்டிக் என்றால், 3.75 மீட்டர் அகலச் சாலையில் ஒரு கி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு டன் செலவாகும்.

பிளாஸ்டிக் தாருக்கு அடியில் ஜல்லியோடு ஒட்டியிருப்பதால் உதிர்வது குறைவு. சாலை குழி விழுந்து பெயர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆக, பராமரிக்காத சாலையில் உங்கள் சந்தேகம் சரிதான். சாலையிலிருந்து கடலுக்குப் போகும் நுண்துகளில் டயர் தேய்மானமும் பெரிய பங்கு, அது எந்தச் சாலையிலும் உண்டு. இந்தக் கலவையில் பி.வி.சி. சேர்க்கக் கூடாது. சூட்டைக் கட்டுப்படுத்தாமல் புகை வரும்வரை வறுப்பதும் கூடாது. வேலை நடக்கும் இடத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது என்று பொருள்.

'மக்கும் பை' என்று பச்சை எழுத்தில் போட்டு விற்கிறார்கள். நம்பலாமா?
(வாசகர், கோவை)

ஐ.எஸ். 17088 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மக்கும், ஆனால் 58–60 டிகிரி சூடு நிலைக்கும் பெரிய உரக்கிடங்கில்தான். மொட்டைமாடித் தொட்டியில் அந்தச் சூடு வராது, கடலில் வரவே வராது. ஆமைக்கு அதுவும் சாதாரணப் பைதான். பெட் பாட்டிலோடு சேர்த்துப் போட்டால் மேலே கரூர்க்காரருக்குச் சொன்ன மஞ்சள் தொல்லையில் இதுவும் சேரும். தர எண் இல்லாமல், 'வெயிலில் தானே சிதையும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பாலித்தீனில் ஏதோ உப்பைக் கலந்தது. மக்காது, பொடியாகும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையை 2021-இலேயே தடைசெய்துவிட்டது.